எல்லாக் கல்லுக்கும் உயிர் உண்டா? அனிமிசம் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "அனிமிசம் என்பது எல்லாப் பொருள்களிலும் ஆவி குடியிருக்கிறது என்ற நம்பிக்கை என்று படித்தேன். அது தனி மதமா? நம் ஊர் மாடனும் இசக்கியும் அதில் சேருவார்களா?"

தேர்வுக்காகக் கேட்டிருந்தால் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு வாருங்கள், மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அனிமிசம் உடையவர்கள் என்று நூல்கள் காட்டும் மக்களிடம் போய் அதே வரியைச் சொன்னால், பெரும்பாலும் "அப்படி யார் சொன்னது?" என்றுதான் கேட்பார்கள். யார் சொன்னது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

சொன்னவர் எட்வர்ட் பர்னெட் டைலர் என்ற ஆங்கிலேயர். 1832இல் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். உடல்நலம் கருதி அமெரிக்கக் கண்டத்துக்குப் போனார், மெக்சிகோவைச் சுற்றினார், அதன்பின் உலகத்து மக்களின் வழக்கங்களைத் தொகுத்து ஆராய்வதே வாழ்நாள் வேலையாயிற்று. 1871இல் வெளிவந்த 'பிரிமிட்டிவ் கல்ச்சர்' என்ற இரண்டு பாக நூலில் மதத்துக்கு ஒரு குறைந்தபட்ச வரையறை கொடுத்தார்: ஆவி வடிவான உயிர்கள் உண்டு என்ற நம்பிக்கை. அதற்கு 'ஸ்பிரிச்சுவலிசம்' என்றே பெயர் வைத்திருப்பார். ஆனால் அப்போது லண்டனில் இருட்டறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செத்தவர்களோடு பேசிய கூட்டத்தார் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உடலை இயக்குவது ஆன்மாவே என்று வாதிட்ட கேயார்க் எர்ன்ஸ்ட் ஸ்டால் என்ற ஜெர்மானிய மருத்துவரின் கொள்கைக்கு வழங்கிய 'அனிமிசம்' என்ற பெயரை டைலர் எடுத்துக்கொண்டார்.

அவருடைய வாதம் எளிமையானது. ஆதி மனிதனுக்கு இரண்டு புதிர்கள் இருந்தன. நேற்றுப் பேசிக்கொண்டிருந்தவன் இன்று பிணமாகக் கிடக்கிறான். உடம்பு அப்படியே இருக்கிறது, போனது எது? செத்துப்போன அப்பா இரவில் கனவில் வந்து பேசுகிறாரே, வந்தது எது? இரண்டுக்கும் சேர்த்து ஒரே விடையாக, உடம்பை விட்டுப் பிரிந்து திரியக்கூடிய நிழல் போன்ற ஓர் ஆன்மாவை அவன் ஊகித்தான். பிறகு அதையே விலங்குக்கும் மரத்துக்கும் ஆற்றுக்கும் நீட்டினான். ஆவிகள் தேவர்களாயின, தேவர்களில் ஒருவர் தலைவரானார், கடைசியில் ஒரே கடவுள் மிஞ்சினார். ஏணியின் அடிப்படியில் காட்டுவாசி, உச்சியில் படித்த ஆங்கிலேயர். உச்சியில் இருந்தவர் எழுதிய ஏணி என்பதைக் கவனிக்க வேண்டும். சுவையான செய்தி ஒன்று: நூல் வந்த மறு ஆண்டே டைலர் குறிப்பேட்டோடு லண்டன் ஆவிக் கூட்டங்களில் போய் உட்கார்ந்து பார்த்தார். அடிப்படியில் தம் ஊர்க்காரர்களும் நிற்கிறார்களோ என்ற சந்தேகம் அவருக்கே இருந்திருக்க வேண்டும்.

மறுப்புகளும் வந்தன. ஆன்மா என்ற கருத்துக்கும் முந்தியது ஏதோவொரு சக்தியைக் கண்டு மிரளும் உணர்வு என்று பிரிட்டிஷ் மானிடவியலாளர் மேரெட் 1900இல் எழுதினார். மதம் கனவில் பிறந்த பிழை என்றால் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் அது எப்படித் தாங்கியிருக்கும் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம் 1912இல் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இவர்கள் மூவரும் பெரும்பாலும் பாதிரியார்களும் பயணிகளும் எழுதி அனுப்பிய தகவல்களை மேசையில் பரப்பி வைத்து வாதாடியவர்கள். 'கல்லுக்கு உயிர் உண்டா?' என்று கல்லோடு வாழ்கிறவரையே கேட்டுப் பார்க்க வேறொருவர் வர வேண்டியிருந்தது.

அப்படிக் கேட்டவர் இர்விங் ஹாலவெல் என்ற அமெரிக்க மானிடவியலாளர். கனடாவின் மனிடோபாவில் பெரன்ஸ் ஆற்றங்கரையில் வாழும் ஓஜிப்வே மக்களிடம் 1930களில் ஆய்வு செய்தவர். நாம் உயர்திணை, அஃறிணை என்று பிரிப்பதுபோல அவர்கள் மொழியும் பெயர்ச்சொற்களை உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிக்கிறது. கல் உயிருள்ள பக்கத்தில் நிற்கிறது. ஆகவே ஹாலவெல் ஒரு முதியவரிடம் கேட்டார்: "இங்கே நம்மைச் சுற்றிக் கிடக்கும் கற்களுக்கெல்லாம் உயிர் இருக்கிறதா?" முதியவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "இல்லை. ஆனால் சிலவற்றுக்கு உண்டு."

அந்த விடை என் கணக்கில் டைலரின் இரண்டு பாகங்களுக்கும் ஈடு. கற்கள் எல்லாம் உயிருள்ளவை என்ற கோட்பாடு எதையும் முதியவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. எந்தக் கல் என்ன செய்தது என்பதுதான் அவருக்குத் தெரியும். அவர்கள் வட்டாரத்தில் கண்ணும் வாயும் போன்ற அமைப்புடைய ஒரு பாறை இருந்தது. சடங்குத் தலைவர் ஒருவர் புதுக் கத்தியால் அதைத் தட்டினால் அது வாய் திறக்கும், அவர் உள்ளே விரல் விட்டு மருந்து வைத்த தோல்பை ஒன்றை எடுப்பார் என்று சொல்லிவந்தார்கள். அந்தப் பாறை ஓர் ஆள். பக்கத்தில் கிடப்பது வெறும் பாறை.

ஹாலவெல் பதிவு செய்த இன்னொரு காட்சி. கோடைப் பிற்பகல், இடியும் மழையும். கூடாரத்துக்குள் ஒரு கிழவரும் கிழவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் இடி இடித்ததும் கிழவர் மனைவியிடம் திரும்பி, "என்ன சொன்னாங்க, கேட்டுச்சா?" என்கிறார். "இல்லை, சரியா விழலை" என்கிறாள் கிழவி. பயமும் இல்லை, வழிபாடும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ குரல் கொடுத்தால் நாம் என்ன செய்வோமோ அதுதான். இடி அவர்களுக்கு இடிப்பறவைகளின் பேச்சு. இந்தமுறை தெளிவாகக் கேட்கவில்லை, அவ்வளவே. இதை விளக்கத்தான் ஹாலவெல் 1960இல் வந்த கட்டுரையில் 'மனிதரல்லாத ஆட்கள்' என்ற கருத்தைக் கொண்டுவந்தார். உலகில் ஆட்கள் பலர் உண்டு, அவர்களில் ஒரு வகையினர் மனிதர்கள். டைலரின் கேள்வி 'இந்தப் பொருளுக்குள்ளே என்ன இருக்கிறது?' என்பது. ஓஜிப்வே முதியவரின் கேள்வி 'இதோடு எனக்கு என்ன பேச்சுவார்த்தை?' என்பது.

இந்த மாற்றத்தை முழுமையாக எடுத்துச்சொன்ன ஆய்வு நம் மலையிலிருந்தே வந்தது. இஸ்ரேலைச் சேர்ந்த நூரித் பேர்ட்-டேவிட் 1970களின் இறுதியில் நீலகிரி–வயநாட்டுக் காடுகளில் நாயக்கர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் காட்டுநாயக்கர் மக்களோடு தங்கினார். மிக நலிவுற்ற பழங்குடிகள் என்று தமிழகத்தில் அரசு வகைப்படுத்திய ஆறு இனங்களில் ஒன்று அது. தேன் எடுப்பதிலும் கிழங்கு தோண்டுவதிலும் தேர்ந்தவர்கள். அந்த அனுபவத்தை வைத்து அவர் 1999இல் எழுதிய கட்டுரைதான் 'புதிய அனிமிசம்' என்று இன்று பேசப்படும் சிந்தனைக்கு ஒரு பெரிய தூண்.

நாயக்கர் 'தேவரு' என்று சிலவற்றைச் சொல்கிறார்கள். குடிசைகளுக்கு நடுவே ஒரு மண் திட்டில் சில கற்கள் நின்றன. ஒரு பெண் அவற்றில் ஒன்றைக் காட்டி, காட்டில் கிழங்குக்காக ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தபோது இந்தத் தேவரு தன்னை நோக்கி வந்தது என்றாள். இன்னொரு கல், மரத்தடியில் இளைப்பாறிய ஒருத்தியின் மடியில் தாவி வந்து உட்கார்ந்ததாம். இரண்டு பேரும் அந்தக் கற்களை ஊருக்குக் கொண்டுவந்தார்கள், இப்போது அவை இங்கே 'வாழ்கின்றன'. யானையும் அப்படித்தான். வீடுகளுக்கு நடுவே யாரையும் ஒன்றும் செய்யாமல், கண்ணுக்குக் கண் பார்த்துவிட்டு நடந்துபோன யானை தேவரு. வேறோர் இடத்தில் ஆளில்லாக் குடிசைகளை மிதித்துப் போட்ட யானைகளை அப்படிச் சொல்லவில்லை. யானை என்ற இனத்துக்கு மொத்தமாக ஒரு முத்திரை கிடையாது. என்னைக் கவனித்ததா, நான் அதைக் கவனித்தேனா என்பதுதான் கேள்வி.

ஆண்டுக்கொரு முறை நடக்கும் விழாவில் தேவரு ஆட்கள்மேல் வந்து பேசுகின்றன. மணிக்கணக்கில் நடப்பது பெரும்பாலும் பேச்சுவார்த்தைதான், அதுவும் திரும்பத் திரும்ப ஒரே பேச்சு. எங்களைச் சரியாகக் கவனிக்கவில்லை, எங்களுக்குக் கொடுத்தது போதாது என்று தேவரு குறைப்படும். எங்களுக்கு ஏன் நோய் வந்தது, குணமாக்கு என்று மக்கள் கேட்பார்கள். சமாதானம், கேலி, பேரம் எல்லாம் உண்டு. காட்டைப் பெரியப்பா, பெரியம்மா என்ற முறையில் அழைக்கிறார்கள். பெரியப்பா வீட்டில் சாப்பாடு கிடைக்கும் என்று பிள்ளைகள் எப்படி நம்புவார்களோ அப்படிக் காடு கொடுக்கும் என்று நம்புகிறார்கள். பேர்ட்-டேவிட் இங்கிருந்து ஒரு முடிவுக்கு வருகிறார். முதலில் இது ஓர் ஆள் என்று தீர்மானித்துவிட்டுப் பிறகு அதோடு உறவாடுவதில்லை. பகிர்ந்து உண்டு, உடன் வாழ்ந்து, உறவாடுவதால்தான் அது ஆளாகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. நற்றிணை 172ஆம் பாடலில் சிறுமிகள் மணலில் அழுத்தி விளையாடி மறந்துபோன புன்னைக் கொட்டை முளைவிடுகிறது. நெய் கலந்த பால் வார்த்து வளர்க்கிறார்கள். உங்களைவிட உயர்ந்தது, உங்கள் உடன்பிறந்தாள் இது என்று அன்னை சொல்லிவிட்டாள். இப்போது அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது, வேறு நிழல் பாருங்கள் என்பதுதான் பாட்டு. அந்த மரத்துக்குப் பூசையும் இல்லை, படையலும் இல்லை. பால் வார்த்து வளர்த்த வகையில் உறவாகிவிட்டது. உறவுக்கு முன்னால் வெட்கம் வருகிறது. சங்கப் பாடலில் 'கடவுள் மரம்' வரும் இடங்களைத்தான் வழக்கமாக அனிமிசத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு இந்தப் புன்னைதான் வலுவான சான்று.

பிரெஞ்சு அறிஞர் பிலிப் தெஸ்கோலா இதையே வேறு வகையில் அடுக்கினார். அமேசானில் அச்சுவார் பெண்கள் தோட்டத்து மரவள்ளியைத் தாங்கள் பெற்ற பிள்ளைகளாக நினைத்துப் பாடுகிறார்கள். ஆண்கள் வேட்டையாடும் குரங்கை மைத்துனன் முறை வைத்துப் பார்க்கிறார்கள். தெஸ்கோலாவின் கணக்குப்படி, நவீன அறிவியல் மனத்துக்கு உடம்பெல்லாம் ஒரே பொருளால் ஆனது, உள்ளம் மட்டும் மனிதனுக்கே உரியது. அச்சுவாருக்கு உள்ளம் எல்லோருக்கும் ஒன்றேதான், உடம்புதான் வேறு வேறு. கச்சிதமான சூத்திரம். கச்சிதம் கொஞ்சம் அதிகம் என்றும் எனக்குத் தோன்றும், 'சிலவற்றுக்கு உண்டு' என்ற கிழவரின் விடை அந்தச் சூத்திரத்தில் அடங்குவதில்லை.

இங்கே ஒரு மயக்கத்தையும் சொல்ல வேண்டும். அனிமிசம் என்றாலே பழங்குடிகள் இயற்கையைக் கும்பிட்டுக் காப்பாற்றும் புனிதர்கள் என்று ஒரு சித்திரம் இப்போது ஓடுகிறது. கிழக்குச் சைபீரியாவின் கோலிமா ஆற்றுப் பகுதியில் யுகாகிர் வேட்டைக்காரர்களோடு வாழ்ந்த டென்மார்க் மானிடவியலாளர் ரானே வில்லர்ஸ்லெவ் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். கரடியைக் கொன்றால் அதைத் 'தாத்தா' என்று அழைத்து, கண்களைத் தோண்டும்போது காக்கை இனப் பறவைபோலக் கரைவார்கள்; கண்ணைப் பிடுங்கியது பறவை என்று கரடி நினைத்துக்கொள்ள வேண்டுமாம். ஒருமுறை ஒருவர் பயபக்தியோடு கரைந்துகொண்டிருக்க, கூட இருந்தவர் "தாத்தா, ஏமாந்துவிடாதே, உன்னைக் கொன்றது இந்த ஆள்தான்!" என்று பெயரைச் சொல்லிக் கத்திவிட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உறவு என்றால் ஏமாற்றும் கேலியும் அதில் அடக்கம். பயமும் அடக்கம்: நோய்க்கும் சாவுக்கும் யாரோ ஒருவர் காரணம் என்ற எண்ணம் பல சமூகங்களில் சூனியக்காரி என்று ஒரு பெண்ணைக் கொல்லும் இடம்வரை போயிருக்கிறது. அதை மறைத்துவிட்டு அனிமிசத்தைச் சூழலியல் பாடமாக ஆக்குவது நேர்மை ஆகாது.

இனி இரண்டாவது கேள்வி. தனி மதமா? நிறுவியவர், நூல், மதமாற்றம், பிரமாணம் என்று பார்த்தால் இல்லை. 'நான் ஒரு அனிமிஸ்ட்' என்று தன்னைச் சொல்லிக்கொண்டு வளர்ந்த பழங்குடி யாரும் இல்லை. அது மற்ற மதங்களுக்கு அடியிலும் பக்கத்திலும் சங்கடமில்லாமல் வாழ்கிறது. தாய்லாந்தில் புத்தரை வணங்குகிறவர் வீட்டு வாசலில் அந்த நிலத்து ஆவிக்கு ஒரு குட்டி வீடு கட்டித் தினமும் பூவும் பானமும் வைக்கிறார். பர்மாவில் 37 'நாட்' தெய்வங்களைப் பௌத்தத்தோடு இணைத்ததை 11ஆம் நூற்றாண்டின் அனோரதா மன்னரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஜப்பானில் பிப்ரவரி 8 அன்று ஆண்டெல்லாம் உழைத்து முறிந்த ஊசிகளை மென்மையான டோஃபுவில் குத்தி நன்றி சொல்லி வழியனுப்புகிறார்கள்.

ஆனால் இந்தியாவில் அது மதமாகக் கணக்கெடுக்கப்பட்டது, அங்கேதான் விவகாரம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'அனிமிஸ்டிக்' என்று ஒரு பத்தியே இருந்தது. ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லிக்கு எங்கே அனிமிசம் முடிந்து எங்கே இந்து மதம் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியவில்லை. தத்துவத்தால் ஓரளவு உருமாறிய அனிமிசமே இந்து மதம் என்று எழுதிவைத்தார். கோடு கிழிக்க முடியாததையே ஆதாரமாகக் கொண்டு, பழங்குடிகள் 'பின்தங்கிய இந்துக்கள்' என்று சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யே 1943இல் வாதிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பத்தி போய் 'பிற மதங்கள்' என்ற கூடை வந்தது. இரண்டு வாதங்களிலும் சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர்களே 2011 கணக்கெடுப்பில் பதில் சொன்னார்கள். 'பிற மதங்கள்' என்று பதிவான சுமார் 79 லட்சம் பேரில் ஏறக்குறைய 49 லட்சம் பேர் 'சர்னா' என்று எழுதினார்கள். சர்னா என்பது ஊர் எல்லையில் விடப்பட்ட சால மரத் தோப்பு. சால மரம் பூக்கும்போது சர்ஹுல் திருவிழா. பாஹன் என்னும் பூசாரி குடங்களில் நீர் நிரப்பி வைத்து, மறுநாள் நீர்மட்டம் பார்த்து அந்த ஆண்டு மழையைச் சொல்வார். சர்னாவுக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பர் 11 அன்று தீர்மானம் போட்டது. ஆக, தனி மதமா என்ற கேள்விக்கு மானிடவியலில் ஒரு விடையும் அரசியலில் வேறொரு விடையும் உண்டு. படிவத்தில் இடம் இல்லாதவர்களுக்குக் கோரிக்கையிலும் இடம் இருப்பதில்லை என்பதால் அவர்கள் மதம் என்கிறார்கள். எனக்கு அதில் குற்றம் காணத் தோன்றவில்லை.

நீதிமன்றமும் இதற்குள் வந்திருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையுச்சி டோங்ரியா கோந்து பழங்குடி மக்களின் தெய்வமான நியம் ராஜாவுக்கு உரியது. அங்கே பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும், அவர்களுடைய மத உரிமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. 12ம் வேண்டாம் என்றன. நியூசிலாந்தில் வாங்கனுயி ஆறு 2017இல் சட்டப்படி ஓர் ஆள் ஆனது. மதுரையில் சென்னை உயர் நீதிமன்றக் கிளையும் 2022இல் இயற்கை அன்னைக்கு அத்தகைய தகுதி தந்து தீர்ப்பெழுதியது. சட்டம் ஆக்கும் ஆளும் நாயக்கரின் தேவருவும் ஒன்றல்ல, கம்பெனியும் சட்டப்படி ஓர் ஆள்தானே. வாங்கனுயி சட்டத்துக்குப் பின்னால் மாவோரிகள் அந்த ஆற்றைத் தங்கள் முன்னோராகக் கொண்டு நடத்திய நெடுங்காலப் போராட்டம் இருக்கிறது. மதுரைத் தீர்ப்புக்குப் பின்னால் அப்படி ஓர் உறவுக்காரக் கூட்டம் இல்லை.

கடைசியாக மாடனும் இசக்கியும். டைலரைக் கேட்டால் தயங்காமல் சேர்த்துக்கொள்வார்: அகால மரணம், ஆவி, பயம், படையல், அவர் கேட்ட எல்லாமே இருக்கிறது. சைவப் பெரியவரைக் கேட்டால், சுடலைமாடன் கயிலாயத்தில் பார்வதி ஏந்திய விளக்கின் சுடரிலிருந்து பிறந்தவன், சிவன் பிள்ளை, இதில் அனிமிசம் எங்கே வந்தது என்பார். கொடை என்னும் கோயில் விழாவுக்குப் போனால் இரண்டையும் ஒரே இரவில் பார்க்கலாம். ஒரு பக்கம் வில்லுப்பாட்டில் மாடன் கயிலாயத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருப்பான். மறுபக்கம் பூடம் என்னும் சாமி பீடத்தின் முன்னால் சாமியாடி, "போன கொடைக்கு எனக்குக் குறை வச்சீங்கள்ல? சுருட்டு எங்கலே?" என்று அதட்டிக்கொண்டிருப்பார். ஊர்ப் பெரியவர் குனிந்து, "அடுத்த கொடைக்குச் செஞ்சிருதோம் சாமி, பிள்ளைக்குச் சொகமாக்கிக் கொடு" என்று பேரம் பேசுவார். இந்த இரண்டில் எது அனிமிசம் என்று கேட்டால் நான் சுருட்டைக் காட்டுவேன்.